சணல் சுற்றிய குமிழ்

புல்டோசரின் எஞ்சின் சூடேறி ஹெட் வெடித்தால் முதலில் ஓட்டியவரின் வாயை முகர்ந்து பார்ப்பதுதான் எங்கள் ஊவா மாகாணத்து இயந்திரவியல். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். பெரகல சந்திக்குக் கீழே, ஹல்துமுல்லைப் பக்கம் மண் சரிந்து ஒரு தோட்டத்துப் பாதை மூடிப்போயிருந்தது. மண்ணைத் தள்ள வந்த புல்டோசர் பாதி வேலையில் படுத்துவிட்டது. என்னை ஏற்றிப்போகப் பதுளைக்கு ஜீப் வந்தபோது விசாரணை முடிந்து, தீர்ப்பும் தயாராகியிருந்தது. ஆமாம் என்று தலையாட்ட ஒரு எலக்ட்ரீஷியன் தேவைப்பட்டான். அவ்வளவுதான்.

அப்போது நான் பதுளை கடைவீதியின் பின்பக்கத்தில் பேட்டரி சார்ஜ் போட்டும் வாகனங்களுக்கு வயர் வேலை பார்த்தும் பிழைத்துவந்தேன். ஆசிட் தின்ற சட்டையோடு தர்க்க சாஸ்திரம் வாசிப்பேன். வாடிக்கையாளர்கள் என்னை 'பாஸ்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, வண்டியை மட்டும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

சரிவு நடந்த இடத்தில் கைகட்டி நின்றவர்தான் புல்டோசர் ஓட்டியவர். பூனாகலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இந்த வேலைக்காகத் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். இங்கேயும் விரட்டினால் திரும்பிப்போய், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்க அவருக்குப் பேர் இல்லை. பிரஜாவுரிமைக் காகிதமும் கைக்கு வராததால் அரசாங்க வேலையை எட்டிப் பார்க்கவும் முடியாது. அவர் எதிரே ஒப்பந்தக்காரரின் இஞ்சினியர், குடையின் கீழ்.

"குடிச்சிட்டு ஓட்டியிருக்கான். இல்லாட்டி மீட்டர்ல சூடு ஏறுறது கண்ணுக்குத் தெரியாதா?"

"நான் குடிக்கிறதில்லைங்க ஐயா. முள்ளு பச்சையிலதாங்க நின்னுச்சு."

"முள்ளை நீ எங்க பாத்த? கண்ணாடி பூரா சந்தனம்."

வெள்ளிக்கிழமை தோறும் மெசினுக்குப் பொட்டு வைப்பது அவர் பழக்கம். மீட்டர் கண்ணாடியிலும் ஒரு ஓரத்தில், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பொட்டு இருந்தது. சாராயம் நிரூபணமாகாததால் குற்றம் இப்போது சந்தனத்துக்கு மாறியிருந்தது. ஆளை முடிவுசெய்துவிட்டுக் குற்றத்தைத் தேடுகிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய சிரமமில்லை.

"சரி, எஞ்சின்லேருந்து ஆவி வந்திருக்குமே. அதுவும் தெரியலையா?"

"மத்தியானத்துக்கு மேல இங்க எல்லாம் ஆவிதாங்க ஐயா. மேகம் ஏறுதுன்னு நெனச்சேன்."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து இஞ்சினியரின் ஜீப்பை விழுங்கியது. பிறகு குடையின் பாதியையும். ஐயா அதைச் சாட்சியாக ஏற்றுக்கொள்ளவில்லை.

நான் மெசின் மேல் ஏறினேன். எஞ்சின் தலையில், அதாவது ஹெட்டில், ஒரு பித்தளைக் குமிழைத் திருகி வைத்திருப்பார்கள். இன்று சென்சர் என்கிறார்கள். அதன் உச்சியிலிருந்து மீட்டருக்கு ஒற்றை வயர் போகும். மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் குமிழுக்குள் இறங்கி, அதன் திருகு மரை வழியாக எஞ்சின் இரும்பில் கலந்து பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பேர். சூடு ஏற ஏறக் குமிழ் கூடுதலாக மின்சாரத்தை விடும், முள் சிவப்புக்குப் போகும். வழி அடைபட்டால் எஞ்சின் தீப்பிடித்தாலும் முள் பச்சையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், மேலதிகாரிகளைப் போல.

குமிழிலிருந்து வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொட்டேன். முள் பாய்ந்து சிவப்பில் முட்டியது. மீட்டரும் நல்லது, வயரும் நல்லது. அடுத்து என் டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பேட்டரியில் மாட்டி, மறுமுனையைப் பக்கத்து போல்ட்டில் வைத்தேன். எரிந்தது. குமிழின் உடம்பில் வைத்தேன். எரியவில்லை. ஓரங்குல இடைவெளியில் ஒன்று எஞ்சினோடு சேர்ந்த இரும்பு, மற்றது யாரோடும் சேராத பித்தளை.

குமிழைக் கழற்றினேன். மரை முழுக்கச் சணல் சுற்றி, மேலே வெள்ளைப் பெயிண்ட் பூசி, அது சீமெந்து போல இறுகியிருந்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் பைப் வேலை பார்ப்பவர் ஒருவர், வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். தன் வேலையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்ட பெருமை முகத்தில்.

"அது நம்ம கைங்க பாஸ். தண்ணி ஒழுகுதுன்னு போன மாசம் கூப்பிட்டாங்க. நல்லா சணல் சுத்தி, பெயிண்ட் அடிச்சு முறுக்குனேன். நம்ம பொய்லர் பைப்பெல்லாம் அப்படித்தான். ஒரு சொட்டு வராது."

வரவில்லைதான். தண்ணீரும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. தோட்டத்தில் எது ஒழுகினாலும் சணலும் வெள்ளைப் பெயிண்டும்தான் மருந்து. அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

"இதுல கைவைக்க உனக்கு யார் சொன்னது?" என்றார் இஞ்சினியர்.

"நீங்கதாங்க ஐயா. வேலை முடிஞ்சதும் முதுகுல தட்டுனீங்களே."

குடை கொஞ்சம் தாழ்ந்தது. "அப்ப குமிழ்தான் பழுது," என்றார்.

அதையும் விடக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம். வேலையாட்களுக்குத் தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை வாங்கி, மரையைச் சுரண்டிச் சுத்தம்செய்த குமிழில் மீட்டர் வயரைத் திரும்ப மாட்டி, அதை வெந்நீரில் முக்கி, அதன் உடம்பிலிருந்து எஞ்சினுக்கு ஒரு வயர் இழுத்தேன். முள் ஏறியது. எஞ்சினுக்கு இழுத்த வயரை எடுத்தேன். முள் இறங்கியது. குமிழும் நல்லது, எர்த்தான் இல்லை. தேத்தண்ணீர் கெட்டுப்போனதில் வேலையாட்களுக்கு என்மேல் வருத்தம். மற்றபடி விளங்காதவர் எவருமில்லை.

இப்போது ஐயா தீர்ப்பைத் திருத்தினார். ஓட்டியவர் மேல் குற்றமில்லை. ஆனால் ஹெட் மாற்றி மெசின் ஓடும்வரை அவருக்குச் சம்பளம் கிடையாது. விருப்பமானால் மண்வெட்டி எடுத்து அதே மண்ணைக் கையால் அள்ளலாம், கூலியாளின் கூலிக்கு.

"இது யார் பிழைன்னு இவருக்குச் சம்பளத்தை நிறுத்துறீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"நான் யாரையும் பிழை சொல்லலையே," என்றார். உண்மையிலேயே புண்பட்டவர் போலிருந்தார்.

அந்தப் பதில் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. குற்றம் ஓட்டியவர் தலையில் இருந்தவரை அதற்கு ஆள் இருந்தது. முதுகில் தட்டிய கைக்கு வந்ததும் யாருடையதுமில்லாமல் போய்விட்டது. திரும்பும் வழியில் நீதி, நியாயம், தர்க்கம் என்று ஒரு நீண்ட பிரசங்கம் செய்தேன், ஜீப் டிரைவரிடம். ஹப்புத்தளையைத் தாண்டிய பிறகுதான் அவருக்குத் தமிழ் தெரியாது என்பது தெரிந்தது.

ஹெட் மாற்றியதும் மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். புல்டோசர்க்காரர் உள்ளங்கையெல்லாம் காய்ப்போடு வந்து நின்றார். குமிழைச் சணல் இல்லாமல் பூட்டி, அதன் கழுத்திலிருந்து எஞ்சின் போல்ட் ஒன்றுக்குத் தனியாக ஒரு எர்த் வயரும் போட்டேன். இஞ்சினியர் வந்து பார்த்தார். முழு விவகாரத்திலிருந்தும் அவர் கற்ற ஒரே பாடத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இனிமே யாரும் மீட்டர்ல பொட்டு வைக்கக்கூடாது."

"சரிங்க ஐயா," என்றார் புல்டோசர்க்காரர். மடியிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்து, நான் எர்த் வயர் பூட்டியிருந்த போல்ட்டின் தலையில் நிதானமாக ஒரு பொட்டு வைத்தார். இஞ்சினியர் வாயைத் திறந்தார். தான் மீட்டரை மட்டும்தான் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

நான் சாமான்களைப் பெட்டியில் போடத் தொடங்கினேன்.

"இருங்க பாஸ்," என்றார் புல்டோசர்க்காரர். "அந்த பல்பை இன்னொருக்கா குமிழ்ல வச்சுக் காட்டுங்க. ஐயா நிக்கிறப்பவே. அப்புறம் சந்தனத்தால எர்த் போச்சுன்னு சொல்லிருவாங்க."

வைத்தேன். எரிந்தது. ஐயாவும் குனிந்து பார்க்கும்வரை எடுக்கவில்லை.