மாதா இல்லாத மாடம்

பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போன பிறகு, அம்மா கம்பைநல்லூரில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவன்தான். தருமபுரியில் எனக்கு ஒற்றை அறை வாடகை வீடு, மாமியாரும் அதற்குள்தான். அதனால் அண்ணனிடம் குரலை உயர்த்த எனக்கு வாயில்லை. கோபத்துக்கு மட்டும் குறைவில்லை.

சிலை கும்பிடக் கூடாது என்கிற ஒரு ஜெபக்கூட்டச் சபைக்குப் போக ஆரம்பித்ததும், சுவர் மாடத்திலிருந்த மாதா சுரூபத்தை அவன் எடுத்துவிட்டான். அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது அது. உடைக்கவில்லை, அந்த மட்டில் நல்லவன். துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அங்கே மாடத்தை மறைத்து இப்போது ஒரு பைபிள் வசன காலண்டர் தொங்குகிறது.

இது பழைய சண்டையாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே திருச்சபையில் படம் வைக்கலாம், கூடாது என்று ராஜாக்களும் துறவிகளும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள் என்று எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் சொன்னார். அத்தனை பெரிய மனிதர்கள் இழுத்தடித்ததை, வாரம் ஒருநாள் பஸ் பிடித்துப் போகிற நானா தீர்க்கப்போகிறேன்? ஒரே ஒருமுறை கேட்டேன், எடுக்கும் முன் அம்மாவைக் கேட்டாயா என்று.

“கேட்டேன் பாப்பா. வேணாம்னு சொல்லவே இல்லியே.”

பேச்சே வராதவள் எப்படிச் சொல்வாள்? ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. அவன் பொய்யும் சொல்லவில்லை. அம்மா சும்மா இருந்ததைச் சம்மதம் என்றே நம்பியிருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, பாஸ்டரும் சபைக்காரர்களும் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அம்மா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென் சொன்னதும், அத்தனை நாள் அசையாமல் கிடந்த வலது கை மெல்ல எழுந்தது. நெற்றியைத் தொட்டது. நடுங்கிக்கொண்டே நெஞ்சுக்கு இறங்கியது. இனி இடது தோள், அப்புறம் வலது தோள். அம்மா சிலுவை அடையாளம் போடுகிறாள். சபையில் அந்த வழக்கமே கிடையாது, அவர்கள் கண்ணுக்கு அது வெறும் கையசைவு.

இடது தோளுக்குப் போகும் முன்பே அண்ணன் பாய்ந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“கை வந்துருச்சு பாப்பா. இயேசப்பா கேட்டுட்டாரு.”

குழந்தை மாதிரி அழுதான். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா கையை இழுத்துப் பார்த்தாள். அவன் விடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

நானும் ஸ்தோத்திரம் என்றேன்.