நாற்றம் நின்றபோது

போன வருடம் மார்கழி. ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டுக்கு என் ஆராய்ச்சிக்காகப் போயிருந்தேன். காபிப் பழம் அலசிய கழிவுநீர்த் தொட்டியிலிருந்து அங்கே எரிவாயு எடுக்கிறார்கள். அதில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஒரு விஷவாயுவும் கலந்திருக்கும். அதை மட்டும் ஒரு ரசாயனக் கரைசலில் பிடித்து நிறுத்த முடியுமா என்பதுதான் என் சோதனை. ஊரே மூக்கைப் பொத்தும் விஷயத்தில் டாக்டர் பட்டமா என்று வீட்டில் கிண்டல் வேறு.

அன்று மதியமே மூடுபனி இறங்கி, எதிரே நின்ற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. குளிருக்குப் பயந்து, தொட்டிக்குப் பக்கத்தில் என் கருவி இருந்த ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டுக் கருவியை ஓடவிட்டேன். விஷவாயு கூடினால் அலறும் மீட்டரில் சார்ஜ் இல்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் அறையில் சார்ஜ் போட்டிருந்தேன். மூக்கு இருக்கிறதே என்ற தைரியம்தான். முதலில் குடலைப் பிரட்டியது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் குறைந்து, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. கரைசல் வேலை செய்கிறது! தனியாகவே சிரித்துக்கொண்டேன். தலை வலித்தது, கண் எரிந்தது. சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

டீ குடிக்கக் கூப்பிட வந்த ரைட்டரின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது.

"ஏனுங்க மேடம், வெளியவே நொம்ப நாத்தமடிக்குதுங்களே. உள்ள எப்படிங்க உக்காந்திருக்கீங்க?"

"நாத்தமா? ஒண்ணுமே இல்லீங்களே" என்றபடி தற்செயலாகக் கையைப் பார்த்தேன். காலையில் பளபளத்த வெள்ளி மோதிரம் கரியாகக் கறுத்திருந்தது. இந்த விஷவாயு பட்டால்தான் வெள்ளி இப்படிக் கறுக்கும். அது அளவு மீறினால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும். நானே ஜூனியர்களுக்கு வகுப்பில் சொன்ன பாடம். நாற்றம் எங்கேயும் போகவில்லை, என்னைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருந்தது.

எழுந்தால் கால் நிற்கவில்லை. கதவு மெல்ல அசைந்தது. அவர் உள்ளே வந்தால் அவரும் விழுவார்.

"உள்ள வராதீங்க! கதவ நல்லாத் தொறந்துட்டுத் தூரப் போயிருங்க!"

கதவு படாரென்று திறந்தது. பனி புகைபோல உள்ளே நுழைந்தது. மூச்சை அடக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளையைப் பார்த்தே நடந்தேன். வெளியே வந்து விழுந்து வாந்தியெடுத்தேன்.

கருவியின் அடியில் குழாய் கழன்றிருந்ததை அப்புறம்தான் கண்டுபிடித்தோம். கரைசலுக்குள் வாயு போகவே இல்லை, எல்லாம் ஷெட்டுக்குள்தான் கசிந்திருக்கிறது.

அன்றிலிருந்து, யாராவது ஒரு கொடுமையைப் பற்றி 'பழகிப்போச்சு' என்று சிரித்துக்கொண்டே சொன்னால், எனக்கு ஆறுதலாக இருப்பதில்லை, பயமாக இருக்கிறது.