அக்கா பாதியில் நிறுத்திய நாள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களுக்கும், அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது அக்காவின் கணவரான மாமா என் முகத்தைப் பார்த்தார். "கூடப் பொறந்தவ நீதான் இருக்கற. நீயே எழுதும்மா" என்றார். நான் எழுத்துப் பழக்கம் உள்ளவள் அல்ல. ஆனாலும் சம்மதித்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது காரமடைக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில். மூன்று ஏக்கர் பூமி, ஒரு கிணறு, இரண்டு மாடுகள். அப்பா கதர் தவிர வேறு உடுத்தாதவர். கிணற்றில் தண்ணீர் இருந்த வருடங்களில் கரும்பு வைப்பார், இல்லாத வருடங்களில் சோளம். அக்கா தினமும் காரமடை வரை நடந்து போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். எங்கள் உறவு வட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு படித்ததில்லை. ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. "கல்யாணம் முடியட்டும், அப்பறம் அவங்க ஊட்ல கேட்டுக்கலாம்" என்று அப்பா இரண்டு வருடம் தள்ளிக்கொண்டே வந்தார்.

அக்காவிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கு ஒரு பாடம் நினைவிருக்கும். வருடத்தில் ஒரு நாள், வீட்டுப் பெரியவர்களின் சின்ன வயதில் என்ன பொருள் என்ன விலை விற்றது, என்ன வேடிக்கை பார்த்தார்கள், என்ன செய்தி கேட்டார்கள் என்று விசாரித்துவரச் சொல்வார். பிள்ளைகள் எல்லோரும் சொல்லி முடித்ததும், "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்பார்கள். அக்கா எப்போதும் ஒரே நாளைத்தான் சொல்வார். அறுபத்து நாலாம் வருடம், வைகாசி மாதம், ஒரு புதன்கிழமை.

காரமடையிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ் டிக்கெட் முக்கால் ரூபாய்க்குள். ஒரு முழம் மல்லிகை இரண்டணா. நயா பைசா வந்து ஏழு வருடம் ஆகியும் பூக்காரி அணாவில்தான் சொன்னாள். காபி பதினைந்து பைசா. கலர் சோடா அதைவிடக் கொஞ்சம் குறைவு. அரிசிக்குத் தட்டுப்பாடு, படி ஒரு ரூபாயைத் தாண்டிவிட்டது என்று பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். சினிமாவில் பெண்கள் பெஞ்சுக்கு நாலைந்து அணா. படம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நிறுத்திவிட்டார்கள். பிரதமர் காலமாகிவிட்டார் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கடைகள் எல்லாம் சாத்திவிட்டார்கள். "அவ்வளவுதான், மணி அடிச்சாச்சு, எல்லாரும் வரிசையா வெளிய போங்க" என்று அக்கா பாடத்தை முடித்துவிடுவார்.

அந்த நாளில் நானும் கூட இருந்தேன். அக்கா சொல்லாமல் விட்ட மிச்சத்தை இப்போது நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமாவிடமும் அக்காவின் பிள்ளைகள் இருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்று நாங்கள் கோயமுத்தூர் போனது வெறுமனே படம் பார்க்க அல்ல. அவிநாசிப் பக்கத்தில் அம்மாவுக்கு உறவில் அண்ணன் முறையானவருடைய மகனுக்கு அக்காவைக் கேட்டிருந்தார்கள். வசதியான குடும்பம். பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று, கோயமுத்தூரில் குடியிருந்த எங்கள் அத்தை இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினாறு.

அந்த மாப்பிள்ளையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகளும் இந்த மலரைப் படிப்பார்கள். அவர் வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக இரண்டு நண்பர்களோடு வந்திருந்தார். படம் தொடங்குவதற்கு முன் எங்கள் மூவருக்கும் கலர் வாங்கி அனுப்பினார். அத்தை சிரித்துக்கொண்டே, "என்ன அம்மணி, புடிச்சிருக்குதா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு புன்னகை செய்தார். உண்மையைச் சொன்னால், அக்காவுக்கு அப்போது அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

படம் சட்டென்று நின்று விளக்குகள் எரிந்தன. டிக்கெட் பார்த்து டார்ச் அடித்து இடம் காட்டுகிற பெரியவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"பிரதமர் தவறிப்போயிட்டாருங்க. ரேடியோவுல சொல்லிப்போட்டாங்க. காட்சி ரத்துங்க. எல்லாரும் அமைதியா ஊட்டுக்குப் போங்க" என்றார்.

பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்ப ஆரம்பித்தார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கூட்டத்தோடு வாசல் பக்கம் போய்விட்டார். அக்காவும் நானும் முன்வரிசையில் இருந்ததால் கூட்டம் கலையட்டும் என்று நின்றோம். பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான் பிரித்தது.

அந்தச் சுவருக்கு அப்பால் மாப்பிள்ளையும் நண்பர்களும் பெரியவரை வழிமறித்து நின்றார்கள்.

"காசை வாங்கிப்போட்டுப் பாதியில நிறுத்தறயா? படத்தப் போடச் சொல்லய்யா" என்றார் மாப்பிள்ளை.

"நானென்னங்க தம்பி பண்ணட்டும்? இதே டிக்கெட்டுக்கு இன்னொரு நாள் உடுவாங்க. இன்னைக்கு வேண்டாமுங்க. நம்ம ஊட்டு எழவுங்க இது" என்று அழுதுகொண்டே சொன்னார் பெரியவர்.

மாப்பிள்ளை அவரைக் கன்னத்தில் அறைந்தார். டார்ச் கீழே விழுந்து உருண்டது. பெரியவர் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றார். நண்பர்களில் ஒருவர் சிரித்தார்.

அக்கா சுவரைத் தாண்டிப் போனார். பாவாடை தாவணியில் ஒரு பெண் நடுக்கொட்டகையில் அப்படிச் சுவர் தாண்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டார்ச்சை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்து, "இந்தாங்கய்யா. நீங்க போங்க" என்றார். பிறகுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

வெளியே வந்தபோது கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஓட்டல் ரேடியோவுக்கு முன்னால் ஜனங்கள் சாலையை அடைத்து நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் கிடைத்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம். அப்பா கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்று எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா அப்பாவிடம் சொன்னார். "அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாமுங்கப்பா." நடந்ததையும் சொன்னார்.

அப்பா நம்பவில்லை. "அவங்க ஊட்டுப் பையன் அப்படியெல்லாம் பண்ண மாட்டான். பேச்சு முடிஞ்ச பொறவு இப்படிச் சொன்னா நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அம்மணி. நீயும் பக்கத்துல தான நின்ன. பாத்தியா?"

அப்பாவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் அப்பாவுக்குப் பயந்தேன். அம்மாவுக்காகவும் பயந்தேன். இத்தோடு இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் அப்போது என் நினைவுக்கு வந்தது.

"நான் பாக்கலீங்கப்பா. கூட்டமா இருந்துச்சுங்க" என்றேன்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. "நான் பாத்தனுங்கப்பா. எனக்கு அது போதுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. அவிநாசியிலிருந்து காரமடை வரை பேச்சு பரவியது. 'படித்த பெண், மனதில் யாரையோ வைத்துக்கொண்டு கதை கட்டுகிறாள்' என்றார்கள். 'கூடப் போன தங்கச்சியே பார்க்கவில்லை என்கிறாளே' என்றார்கள். அப்பா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "உன்ற மகளைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம்தான் சொல்வார். ஒரே வீட்டுக்குள் அந்த வார்த்தை பத்தடி தூரம் போய்ச் சேரும்.

அத்தை ஒருவர்தான் அக்காவை நம்பினார். அவர் எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் நம்பினார். "ஏனுங்கண்ணா, இந்தப் புள்ள பொய் சொல்லி நீங்க எப்ப பாத்தீங்க? ஊட்ல வெச்சு வாட்டறதுக்குப் பதிலா என்னோட அனுப்புங்க, படிக்கட்டும்" என்று அப்பாவிடம் வாதாடி, அக்காவைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார். ஒரு கிறிஸ்தவப் பயிற்சிப் பள்ளியில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடம் விடுதியில் இருந்தார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அப்பா தோட்டத்துக்குப் போய்விடுவார்.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அப்போது அங்கே சுற்றிலும் சோளக்காடுதான். அடுத்த வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அக்கா சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அக்காதான். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, குழறிய நாக்கோடு அப்பா, "அம்மணி, தண்ணி குடு" என்றார். மூன்று வருடம் கழித்து அவர் அக்காவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வெகுநேரம் நின்றிருந்தார். அதன்பின் அப்பா பதினோரு மாதம் இருந்தார். அந்தச் சினிமாக் கொட்டகையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவே இல்லை.

மூத்தவர் இருக்க எனக்குத்தான் முதலில் கல்யாணம் நடந்தது. என் பந்தியில் அக்கா பரிமாறினார். அவர் முதுகுக்குப் பின்னால் பேசியது எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். புதுப்பெண் என்று தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தேழாம் வயதில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. மாமா பம்புசெட் பட்டறையில் ஃபிட்டர். பெண் பார்க்க வந்த அன்று அக்காவே அவரிடம் பழைய கதையைச் சொன்னாராம். மாமா கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பெரியவருக்கு அடி பலமாங்க?" என்பதுதான். இருபத்தைந்து வருடம் அவர்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. பிள்ளைகள் இருவரையும் நன்றாகப் படிக்க வைத்தார்கள். பள்ளியில் பெண்பிள்ளை யாராவது படிப்பை நிறுத்தினால், அக்கா சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்விடுவார். வாசலில் நின்று, "ஏனுங்க, புள்ள நாளைக்கு வருதுங்களா?" என்று கேட்பார். வரும் என்று சொல்லும்வரை நகரமாட்டார். தலைமையாசிரியை ஆன பிறகும் அப்படித்தான்.

ஓய்வுபெற ஆறு வருடம் இருக்கும்போது மார்பில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை. கடைசி ஒரு மாதம் நான் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். ஒரு மத்தியானம், மாமா மருந்து வாங்கப் போயிருந்தபோது, அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நான் பாத்தேங்கா. பாத்துட்டுத்தான் இல்லைன்னேன்."

அக்கா சிரித்தார். "எனக்குத் தெரியாதா கண்ணு? அந்தாளு அறைஞ்சப்ப நீ என்ற கையை எப்படிப் புடிச்ச தெரியுமா? நகம் நாலும் பதிஞ்சு ரத்தம் கட்டிப்போச்சு. ரெண்டு நாளைக்குத் தாவணியை இழுத்து மூடிட்டே திரிஞ்சேன்."

"அதை அப்பாகிட்டக் காட்டியிருக்கலாமல்லக்கா?"

"காட்டியிருந்தா அப்பா நம்பியிருப்பாரு. பொறவு உன்ற கூடவல்ல பேசாம இருந்திருப்பாரு? நான் படிச்சவ, எங்கயாச்சும் போயிக்குவேன். நீ எங்க போவ?" என்று என் தலையைத் தடவினார்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாட்கள்தான் அவர் இருந்தார். ஒரு காலைப் பொழுதில், மாமாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற பழைய மாணவர்களுக்கும், தினம் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், இறுதி நாளில் பள்ளியைச் சாத்திவிட்டு நடந்தே வந்த ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் காலத்தில் அக்காவை நம்பிய அத்தை இன்று இல்லை. அவருடைய மக்களுக்கு எங்கள் வணக்கம்.

மாப்பிள்ளையாக வரவிருந்தவர் பின்னாளில் நல்ல குடும்பஸ்தராக வாழ்ந்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒரு அறையை வைத்து ஒருவரின் முழு வாழ்க்கையை எடைபோட முடியாது. ஆனால் அன்று அக்கா தன் கண்ணால் கண்டதை வைத்துத்தானே முடிவு செய்ய முடியும்?

உறவினர்களே, எங்கள் அக்கா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் நான். உங்களில் யார் வீட்டிலாவது அந்தப் பழைய பேச்சு இன்னும் மிச்சம் இருந்தால், அதை இனி என் பெயரில் பேசுங்கள்.

இப்படிக்கு,
தங்கை