இடுப்பு நாடாவுக்குக் கீழே

அரிப்பு வந்தவர்களைத் தேடிப் போவதுதான் என் வேலை. செங்கல்பட்டிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து ஒரு நாள் செய்யூர் பக்கம் போவேன், ஒரு நாள் மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்கள். படர்தாமரை ஏன் முன்போல மருந்துக்கு அடங்குவதில்லை என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. நான் அதில் களப்பணியாளர். வட்டத்தின் ஓரத்தில் மழுங்கிய பிளேடால் மெல்லச் சுரண்டி, உதிரும் செதிலைக் கறுப்புக் காகிதத்தில் மடித்து, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் சேர்க்க வேண்டும். அதற்கு முன், ஏதாவது களிம்பு போட்டீர்களா என்று கேட்க வேண்டும். போட்டிருந்தால் சில வாரம் நிறுத்திவிட்டுத்தான் சுரண்ட முடியும்.

இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேண்டுமென்றே சொல்லும் பொய் இல்லை அது. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு மருந்து. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ட்யூப், தலைக்கு வைக்கிற எண்ணெய் மாதிரி ஒன்று. வினையே அதில்தான். அதற்குள் கலந்திருக்கும் ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். பூஞ்சை அடியில் சொகுசாகப் பரவும், தோலும் மெலிந்துகொண்டே போகும்.

இதையெல்லாம் பெண்களைக் கூட்டிவைத்து மூச்சுவிடாமல் பேசுவேன். ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் எடுக்காதீர்கள், உள்ளாடையை நல்ல வெயிலில் காயப்போடுங்கள் என்பேன். பேசும்போதே என் இடுப்பு எரியும். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் எனக்கே ஒரு வட்டம் இருந்தது.

நானும் கணவரும் மகளும் இருப்பது ஒரு மாடி போர்ஷன். மொட்டைமாடிக் கொடி வீட்டுக்காரர்களுக்கும் பொது. நாலு ஆண்கள் வந்து போகிற இடத்தில் என் உள்பாவாடையையும் ஜட்டியையும் தொங்கவிட எனக்கு மனம் வந்ததே இல்லை. பாத்ரூம் கம்பியில் ஒரு துண்டுக்கு அடியில் ஒளித்துப் போட்டு, பாதி ஈரத்தோடு எடுத்து உடுத்துவேன். மகளுடையதும் அதே துண்டுக்கு அடியில்தான். டாக்டரம்மாவிடம் வட்டத்தைக் காட்டியிருக்கலாம். படர்தாமரை ஆராய்ச்சிக்காரிக்கே படர்தாமரையா என்று கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது? அதனால் என் கைப்பையிலும் அந்த ட்யூப் இருந்தது. விஷயம் தெரிந்தவள், அளவாகத்தானே போடுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் குப்பத்தில், கருவாடு காயவைக்கிற ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். கை தானாக இடுப்புக்குப் போனது. இழுத்துக்கொண்டு எழுதினேன். நெளிந்தேன். பேனாவின் பின்பக்கத்தால் குத்திக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“இன்னா மேடம், எங்கள கேக்க வந்துட்டு நீ சொறிஞ்சிகினு கீற?”

“வேர்வைம்மா.”

எழுந்துபோய் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு ட்யூபை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். “இத்த தடவு. ரெண்டு நாள்ல போயிடும். எங்க வூட்ல புள்ளைங்க வரிக்கும் இதான்.”

களிம்பே போடவில்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எழுதச் சொன்னவள். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். புள்ளைங்க வரிக்கும் என்று கேட்டதும் படிவத்தை மூடிவிட்டேன். தொடை இடுக்கில் அரிக்கிறது என்று என் மகள் சொல்லி இரண்டு மாதம் இருக்கும். ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளிக்கூடக் கபடி டீமில் இருக்கிறாள். அப்போது அவளுக்குப் பரீட்சை, எனக்கு வேலை. ட்யூபைக் கைப்பையிலிருந்து எடுத்து நான்தான் கொடுத்தேன். அதன்பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நானும் மறந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அவளிடம் என்னவென்று கேட்பது? “யக்கா, எடம் கீதுல்ல, குந்து” என்று கண்டக்டர் அதட்டினார். உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் வந்ததும் மறுபடி எழுந்து நின்றுவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம் அரித்த இடத்தைக் காட்டச் சொன்னேன். “ஒண்ணுமில்லமா” என்றாள். கத்தினேன். கோபம் அவள்மேல் இல்லை, ஆனால் விழுந்தது அவள்மேல்தான். அழுதுகொண்டே காட்டினாள். வட்டங்கள் இடுப்பு வரை ஏறியிருந்தன. தொடையின் உள்பக்கம் சிவப்பாகக் கோடு கோடாக இருந்தது, பிள்ளை பெற்றவள் வயிற்றில் இருப்பது போல. பதினாலு வயசுக்காரிக்கு. தினமும் இரண்டு வேளை தடவியிருக்கிறாள். நான் கொடுத்தது தீர்ந்ததும் கடைக்குப் போய் அவளே வாங்கியிருக்கிறாள். ஆடும்போது தெரியாமல் இருக்க ஷார்ட்ஸுக்குள் லெக்கிங்ஸ் போட்டிருக்கிறாள். ராத்திரி அவளருகில் படுத்தும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் போய் டாக்டரம்மாவிடம் காட்டினோம். நான் என் இடுப்பையும் காட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ட்யூபை இன்றோடு விட வேண்டும் என்றார், வாரக்கணக்கில் சாப்பிட மாத்திரை எழுதினார், கணவரையும் அழைத்துவரச் சொன்னார். படர்தாமரை போய்விடும் என்றார்.

“கோடு, மேடம்?”

“அது ட்யூபால தோல் மெலிஞ்சு விழுந்தது. செவப்பு போயி வெளுத்துடும். சுத்தமா மறையாதும்மா.”

மகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தோம். பாதி வழியில் பொறுக்க முடியாமல், “பரவிகினே போச்சே, ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதாடி?” என்றேன்.

அவள் முகத்தில் கோபமே இல்லை.

“நீதானமா குடுத்த. இது உன் வேலையாச்சே. உனக்குத் தெரியும்னுதான் நான் கேக்கவே இல்ல.”