விளக்கை இறக்க விடாதவள்

நாற்பத்தேழு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இரண்டு மாதம் ஓவர்டைம் பார்த்து, அதற்கு ஒரு காசுகூடக் கண்ணில் காணாத பெண்கள் நாற்பத்தேழு பேர்.

அவர்களில் ஒருத்திக்குப் பட்டப்பெயர் நீராவி. இஸ்திரி மேசையில் பதினாறு வருடம். காலர், கை, முதுகு என்று ஒரு சட்டை அவள் கையில் புரண்டு மடிந்து விழுவதை நின்று பார்க்கலாம். முழங்கைக்குக் கீழே சூட்டுத் தழும்பு. கோபம் வந்தால் இஸ்திரிப் பெட்டியைவிட அவள்தான் அதிகம் புகைவாள். பக்தியும் அதே சூடுதான்; பிரார்த்தனைக் கூடத்துக்கு ஒரு வாரம்கூடப் போகத் தவற மாட்டாள்.

மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போச்சு. ஓவர்டைம் கூலி வந்தால் கட்டிவிடலாம். கூலி வரவில்லை, செய்திதான் வந்தது: முதலாளி அந்தப் பிரார்த்தனைக் கூடத்துக்கு இடுப்பளவு உயரத்தில் வெள்ளி விளக்கு கொடுக்கப்போகிறார்!

இஸ்திரி அறை கொதித்தது.

“ஏன்க்கா, பணக்காரனுக்குச் சொர்க்கத்துல இடமில்லன்னு சொல்றாங்களே?” என்றாள் பொத்தான் தைக்கிறவள்.

“போடி! அங்கயும் அட்வான்ஸ் குடுத்து இடம் புடிச்சிருப்பாரு,” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

நீராவி சிரிக்கவில்லை. “பணம் சேக்கறது பாவம் இல்லடி. அடுத்தவ பங்கையும் அள்ளிப் போட்டுக்கிட்டு, கடவுள் குடுத்ததுன்னு சொல்றதுதான் பாவம்.”

கதவருகே சூப்பர்வைசர் நின்றிருந்தான். முதலாளி மனைவியின் தம்பி. எல்லோருக்கும் அவன் ‘மச்சான்’தான்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரணும், கை தட்டணும். எவளாச்சும் வாயத் தொறந்தீங்க, மறுநாள் வேலை கெடையாது!”

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். காணிக்கை கொடுப்பவர் அதைத் தன் கையாலேயே சுமந்து வரவேண்டும். கூடத்துப் பெரியவர் சபையைப் பார்த்து, இதில் யாருக்காவது பங்கு பாக்கி உண்டா என்று மூன்று முறை கேட்பார். இல்லை என்று ஆன பிறகுதான் காணிக்கையைத் தரையில் இறக்கலாம். இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. பெரியவரே பாதிக் கொட்டாவியோடு கேட்கிற கேள்வி அது.

ஞாயிறு. முதலாளி விளக்கைக் கட்டிப்பிடித்தபடி வந்து நின்றார். விளக்கும் மின்னியது, நெற்றி வேர்வையும் மின்னியது.

“எல்லாம் கடவுள் குடுத்தது. கடவுளுக்கே குடுக்குறேன்!”

கைதட்டல்.

“இதுல யாருக்காச்சும் பங்கு பாக்கி உண்டா?” என்றார் பெரியவர்.

நீராவி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பேசினால் வேலை போகும், அடுப்பு அணையும். பேசாவிட்டால் மகளின் படிப்பு போகும்.

இரண்டாம் முறை கேட்டார்.

“உண்டு!”

மொத்தச் சபையும் நீராவி பக்கம் திரும்பியது. பெரியவரின் கொட்டாவி பாதியில் நின்றது.

“உண்டுங்கய்யா. ரெண்டு மாச ஓவர்டைம். அந்த வெள்ளியில என் பங்கு இருக்கு.”

“பொய்!” என்று கத்தினார் முதலாளி.

“எனக்கும் உண்டு!” பொத்தான்காரி எழுந்தாள். “எனக்கும்!” “எனக்கும்!” காய்ந்த வைக்கோலில் தீ வைத்த மாதிரி நாற்பத்தேழு பேரும் எழுந்துவிட்டார்கள்.

முதலாளி விளக்கை வைக்கக் குனிந்தார். பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

“பாக்கி இருக்கறப்ப இறக்கக் கூடாது.”

“ஐயா, கை விட்டுப்போகுது!”

“எங்களுக்குப் பதினாறு வருஷமா விட்டுப்போகுது முதலாளி,” என்றாள் நீராவி. “கொஞ்சம் தாங்குங்க. கடவுளுக்குத்தானே?”

சபை சிரித்தது. விளக்கு ஆடியது. முதலாளியின் முழங்கால் அதைவிட ஆடியது.

“குடுத்துர்றேன்! நாளைக்குக் காலைல, எல்லாருக்கும்!”

“வேலையும் இருக்கணும்.”

“இருக்கும்மா, இருக்கும்! இறக்கவா?”

“சபை கேட்டுச்சா?” என்றார் பெரியவர்.

“கேட்டுச்சு!” கூரை அதிர்ந்தது.

பெரியவர் மூன்றாம் முறை கேட்டார், இம்முறை கண்ணை அகல விரித்து. “வேற யாருக்காச்சும்?”

கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்தது. மச்சான்!

“மாமா... எனக்கும் ரெண்டு மாசம் வரலை.”

திங்கட்கிழமை மதியத்துக்குள் நீராவி மகளின் படிப்புக்கான பணத்தைக் கட்டிவிட்டாள். அன்று காலை கூலி வாங்கியவர்கள் நாற்பத்தெட்டுப் பேர்.