சட்டைப் பையில் ரோட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீஸ் வாசலில்தான் சாவியைத் தொலைத்தேன். அதுவும் நிச்சயமாகத் தெரியாது. முதலாளியம்மாவுக்குப் பால்கோவா வாங்கப் போன தெருவாகவும் இருக்கலாம், டீ குடித்த கடையாகவும் இருக்கலாம். மூன்று இடத்திலும் குனிந்து குனிந்து தேடினேன். வேறெங்கோ தேடாமல் விட்டுவிட்டேனோ என்று இத்தனை வருஷம் கழித்தும் தோன்றுகிறது.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில் முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லைசென்ஸைத் தவிர என்னிடம் காட்டுவதற்கு வேறு காகிதம் கிடையாது. இந்த வேலை போனால் அடுத்தது எது என்று யோசிக்காத நாளே இல்லை. வண்டி வெள்ளை அம்பாசடர், பெட்ரோல் வண்டி. இரண்டு சாவி. ஒன்று வீட்டு பீரோவில். என்னிடம் இருந்ததில் மில்லின் பெயர் பொறித்த பித்தளை வில்லை ஒன்று தொங்கும்.

முதலாளி உள்ளே பத்திரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார். வெளியே, பக்கத்து அம்பாசடரில் சாய்ந்து நின்ற வக்கீல் வீட்டு டிரைவர் என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"சாவியக் காணோம்யா."

"அம்புட்டுத்தானா?" தன் சாவியைக் கொண்டுவந்து எங்கள் வண்டிக் கதவில் போட்டான். திறந்தது. உள்ளே உட்கார்ந்து திருப்பினான். இன்ஜின் கிளம்பியது. "பழைய வண்டிண்ணே. தேஞ்சு போச்சுன்னா எவன் சாவியும் எவன் வண்டிக்கும் போவும்."

"அப்ப எங்க வண்டிய யாரு வேணும்னாலும் எடுத்துட்டுப் போயிரலாமா?"

"நீங்க எங்க வண்டிய எடுத்துட்டுப் போங்களேன். பிரேக்கு பிடிக்காது, பாத்துப் போங்க."

அவனுடைய சாவியை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் ஓடினேன். அவர் சாவியை வெயிலில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பூட்டு நம்பரு இருக்கா?"

"என்ன நம்பரு?"

"புதுச் சாவியில அடிச்சிருப்பான். அது இருந்தா மதுரையில சொல்லி அச்சு அசலா வாங்கலாம். இது தேஞ்ச சாவி. இதப் பாத்து அராவுனா தேஞ்ச சாவிதான் கெடைக்கும்."

பிரித்துப் போட்ட ஒரு பழைய பூட்டைக் காட்டினார். உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் பல் அத்தனை தகட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் பூட்டு சுற்றும். "வருசக்கணக்காப் போட்டுப் போட்டுத் தகடும் தேஞ்சிரும், பல்லும் தேஞ்சிரும். பொறவு எது வந்தாலும் வழி விட்டுரும். லாக் செட்ட மாத்திருங்க, அதான் நல்லது."

லாக் செட்டை மாற்ற வேண்டுமென்றால் முதலாளியிடம் சொல்ல வேண்டும். நான் தேய்ந்த சாவியையே அராவி வாங்கிக்கொண்டு திரும்பினேன். முதலாளி வந்தார், ஏறினார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் எதையாவது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருப்பேன்.

அதன் பிறகு நிம்மதி போனது. சாவி மட்டும் தொலைந்திருந்தால் பரவாயில்லை. அந்தப் பித்தளை வில்லை எந்த வீட்டு வண்டி என்று விலாசமே சொல்லிவிடுமே. ஷெட்டை எட்டிப் பார்க்கிற ஆளெல்லாம் சாவியைக் கண்டெடுத்தவனாகத் தெரிந்தான். கடைசியில் அந்த வக்கீல் வீட்டு டிரைவர்தான் யோசனை சொன்னான்: "ரோட்டரக் கழட்டிச் சட்டப் பையில வச்சுக்கங்கண்ணே. ஒருத்தனும் வண்டிய அசைக்க முடியாது."

பானெட்டைத் தூக்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். மின்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதை எடுத்துவிட்டால் எந்தச் சாவி போட்டாலும் வண்டி முக்கும், கிளம்பாது. வண்டியை ஷெட்டில் விட்டுப் போகும்போதெல்லாம் கழற்றினேன். வந்ததும் மாட்டினேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. சாப்பிடும்போதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். "நெஞ்சு வலிக்கா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன்.

ஒரு நாள் மத்தியானம், நான் செட்டியார்பட்டியில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முதலாளியம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. முதலாளிக்கு ஓட்டத் தெரியும். பீரோவில் இருந்த அசல் சாவியை எடுத்துப் போய்த் திருப்பியிருக்கிறார். வண்டி முக்கியிருக்கிறது, கிளம்பவில்லை. பேட்டரி இறங்கும்வரை திருப்பியிருக்கிறார். அந்த அம்மா பின் சீட்டில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு எதிர்வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நான் நாலு மணிக்கு சைக்கிளில் வந்து இறங்கினேன். பானெட் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஓடிப்போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ரோட்டர் என் பையில் இருக்கும்போது ஓடினால் அதற்குப் பேர் வேறு.

அம்மாவை இரண்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அன்றைக்குத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ரோட்டரை மேஜைமேல் வைத்து, சாவி தொலைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு மாசமா சொல்லல?"

"பயந்துட்டேன் மொதலாளி."

"சாவி தொலைஞ்சதுக்கு நான் என்ன பண்ணியிருப்பேன்? புதுப் பூட்டு வாங்கித் தந்திருப்பேன்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மா தெலுங்கில் ஏதோ கேட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவார்கள். எனக்குப் புரியாது என்று நினைப்பு. முதலாளி தெலுங்கிலேயே பதில் சொன்னார்: இவன் திருடன் இல்லை, பயந்தாங்கொள்ளி, திருடனாக இருந்தால்கூட இவ்வளவு ஆபத்து வந்திருக்காது. புரியாதது போல் நின்றேன். அந்த இடத்திலேயே வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூடத் தேவலை.

அனுப்பவில்லை. மறுவாரமே மதுரையிலிருந்து புது லாக் செட் வந்தது. நம்பரை என் லைசென்ஸ் உறையின் உட்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் சாவி என் கையில் தங்குவது அன்றோடு நின்றது. ஹாலில் ஓர் ஆணி அடித்தார்கள். வண்டியை ஷெட்டில் விட்டதும் சாவியைக் கொண்டுபோய் அதில் மாட்ட வேண்டும், எடுக்கும்போது கேட்டு எடுக்க வேண்டும். "ரோட்டர் இருக்கா?" என்று முதலாளி கேட்பார். "இருக்கு மொதலாளி" என்பேன். முதலில் கோபமாகக் கேட்டார், பிறகு வேடிக்கையாக, பிறகு வெறும் பழக்கமாக. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்கும். நான் அதைக் காதால் கேட்டதே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டுக் கம்பெனிக் கார் ஒன்று வாங்கினார். ஒப்படைக்க வந்த பையன் சாவியின் கறுப்புத் தலையைக் காட்டினான். உள்ளே ஒரு சிப் இருக்கிறதாம். வண்டிக்குள் இருக்கிற பெட்டி அதோடு பேசிப் பார்த்து, அடையாளம் தெரிந்தால்தான் இன்ஜினை ஓட விடுமாம். பல் அச்சு அசலாக இருந்தாலும் சிப் இல்லையென்றால் கிளம்பாது. தொலைந்தால் பஸ் ஸ்டாண்டில் அராவ முடியாது. கம்பெனிக்காரன்தான் புதுச் சாவியை வண்டிக்குப் பழக்க வேண்டும்.

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன் ரோட்டரத் தூக்கிச் சாவிக்குள்ளயே வச்சுட்டான் பாத்தியா?"

அந்தப் பையனுக்குப் புரியவில்லை. கொண்டுவந்தது இரண்டு சாவி. ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"இது ஒன்கிட்டயே இருக்கட்டும். ஆணியெல்லாம் இனிமே எதுக்கு."

பத்து வருஷம் நான் காத்திருந்த வார்த்தை அது. சாவி உள்ளங்கையில் கனமாக இருந்தது. செட்டியார்பட்டிக்கு இதைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பதை நினைத்தேன். சாப்பாட்டுக்கு நடுவே தொட்டுப் பார்ப்பதை நினைத்தேன்.

"வேண்டாம் மொதலாளி," என்றேன். "ஆணியிலயே கெடக்கட்டும். வேணுங்கும்போது கேட்டு எடுத்துக்கிடுதேன்."

அவர் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். நானே போய் மாட்டிவிட்டு, ஆணி உறுதியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.