ஆட்டோவில் வந்த வேப்பிலை

எண்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். நாங்கள் அப்போது ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. நான் ஒரு பள்ளியில் டீச்சர். அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தேன்.

நோயைவிட அதற்குப் போட்ட ஊசிதான் அம்மாவை அதிகம் படுத்தியது. முடி கொட்டியது. வாந்தி ஓயவில்லை. பிறகு வாய் முழுக்கப் புண். ஆற வைத்த கஞ்சியை ஊட்டினால்கூட விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பேச்சு குறைந்து எல்லாமே கை ஜாடையாகிவிட்டது.

டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இந்த ஊசிக்குப் பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, காய்ச்சல் தலைகாட்டினால் உடனே கூட்டி வந்துவிட வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல அலைந்தேன். தூங்குகிறவளை எழுப்பி அக்குளில் தெர்மாமீட்டர் வைப்பேன். "எனக்குக் காய்ச்சல் வருதோ இல்லையோ, உனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்று கை ஜாடையிலேயே சொல்லி வலியோடு சிரித்தாள் அம்மா.

ஒரு நாள் காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு காய்ச்சல் வந்தேவிட்டது. போர்வையை விலக்கினால் காலிலும் வயிற்றிலும் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள். சமையல் ஒத்தாசைக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்காடி. வாயிலயும் முத்து, மேலயும் முத்து. இது தெரியாம மாத்திரை கொடுத்துட்டு இருந்திருக்கோமே!"

கண் மூடித் திறப்பதற்குள் வாசல் நிலையில் வேப்பிலை ஏறிவிட்டது. அடுப்பில் தாளிப்பு நின்றது. மாத்திரை டப்பா பரணுக்குப் போனது. அம்மை கண்ட வீட்டில் தலை வாரக் கூடாது என்று என் கையிலிருந்த சீப்பையும் பிடுங்கிக்கொண்டாள். அம்மாவுக்கோ வாருவதற்கு ஒரு முடி கிடையாது.

"அத்தை, இது அம்மை இல்ல. காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அவருக்கு என்னடி தெரியும்? அம்மை கண்ட உடம்பு வாசப்படி தாண்டக் கூடாது. ஊசியே படக் கூடாது. ஊசி போட்டுத்தானே நான் என் புள்ளைய வாரிக் கொடுத்தேன்."

அது பொய்யில்லை. வெகு காலத்துக்கு முன்பு பெரியம்மையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே உள்ளுக்குள் சந்தேகம்தான். தெருவில் ஏற்கெனவே சில வீடுகளில் அம்மை. ஒருவேளை இதுவும் அதுதான் என்றால்? கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தேன். பொன்மலைக்கு ஆள் அனுப்பினால் அப்பா வந்து சேர மத்தியானமாகிவிடும். அம்மாவைத் தொட்டுப் பார்த்தால் அனலாகக் கொதித்தது. பொறுக்க முடியாமல், "அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க ஆத்தாவா வந்து பதில் சொல்லுவா?" என்று கத்திவிட்டேன். அத்தை அழுதுகொண்டே வாசலை மறித்து நின்றாள்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை வந்து, நிலையிலிருந்து ஒரு கொத்து வேப்பிலையை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். பல நாளாக ஜாடையிலேயே இருந்தவள், வெடித்த உதட்டைத் திறந்து பேசினாள்.

"அண்ணி, ஆத்தா வந்திருந்தா இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கும் கூடவே வரட்டும். எனக்குப் பயமா இருக்கு. வழி விடுங்க."

அம்மாவுக்குப் பயம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தை வாசலை விட்டு விலகினாள். பிறகு மீதி வேப்பிலையையும் அள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்னால் தெருவில் இறங்கினாள்.

முனையில் ஓர் ஆட்டோ கிடைத்தது. டிரைவர் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, "சமயபுரத்துக்காங்க?" என்றார். "இல்லைங்க, டவுன் ஆஸ்பத்திரிக்கு. சீக்கிரம் போங்க" என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வண்டியை எடுத்தார். காவிரிப் பாலத்தில் முன்னால் ஒரு மாட்டு வண்டி அசைந்து அசைந்து போனது. நான் தலையை நீட்டி அந்த வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன். "பதறாதீங்கம்மா, அதான் ஆத்தா கூட வர்றாள்ல" என்றார் டிரைவர்.

அது அம்மை இல்லை. ஊசியினால் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, தோலுக்கடியில் ரத்தம் கசிந்த புள்ளிகள். காய்ச்சல் கிருமித் தொற்றினால் வந்தது. சாயங்காலம்வரை விட்டிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். அத்தை தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டாள், "அம்மையாவே இருந்திருந்தா ஊசி போடலாங்களாய்யா?"

"அம்மையா இருந்தா இன்னும் ஆபத்துங்கம்மா. அப்பவும் இங்கதான் கூட்டிட்டு வரணும்."

கட்டில் பக்கம் இலை தழை கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அத்தை மறுபேச்சில்லாமல் வேப்பிலையோடு வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு ரத்தம் ஏற்றி முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

காய்ச்சல் இறங்கி அம்மா வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகும் சில வருஷங்கள் எங்களோடு இருந்தாள். அன்று நானும் அத்தையும் போட்ட சண்டை முழுக்க அவளுக்காகத்தான், ஆனால் பக்கத்திலேயே படுத்திருந்த அவளை ஒரு வார்த்தை கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இன்றும் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் என் கால் ஓடத்தான் பார்க்கிறது, அதைப் பிடித்து நிறுத்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உனக்குப் பயமா இருக்கா?" என்று முதலில் கேட்கிறேன்.